சுமைதாங்கிக் கற்கள்

நுழையும்முன்

உழைப்பைப் போற்றும் சமூகம் நம்முடையது. ‘ஓய்வின்றி உழைத்தார்’ என்பதை ஒருவருக்குச் சூட்டும் பெரும்புகழாக நாம் கருதுகிறோம். ஆயினும், இதே சமூகம் சாலையோரத்தில் கல் நட்டு, வழிப்போக்கரின் சுமையை இறக்கிவைக்க இடம் செய்து கொடுத்தது. அறுவடைக்குப்பின் வயலை ஆறவிட்டது. உழவரின் ஓய்வுக்காலத்தை ஒட்டி விழா எடுத்தது. ஆலைகள் வந்தபின், இழந்த ஓய்வைப் போராடி மீட்டது. மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, ஓய்வு என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்வதா, பிறர் அவருக்கு அமைத்துத் தர வேண்டியதா என்னும் வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

கல்லின் உயரம்

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களின் பழைய வழிகளில், ஊர் எல்லையிலோ குளக்கரையிலோ மரத்தடியிலோ ஓர் எளிய கல்லமைப்பை இன்றும் சில இடங்களில் காணலாம். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் குறுக்காக நீண்ட கல்லொன்றை வைத்திருப்பார்கள். அதுவே சுமைதாங்கிக் கல். நெல்மூட்டையும் விறகுக்கட்டும் காய்கறிக் கூடையும் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்தவர்கள், வழியில் தம் சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறினர்.

அக்கல் ஏன் தரையோடு தரையாக இல்லாமல் ஆளின் தோள் உயரத்தில் நிற்கிறது? பெருஞ்சுமையைத் தரையில் இறக்குவது எளிது. தனியொருவராக அதை மீண்டும் தலைக்கு ஏற்றுவது அரிது. ஆளரவமற்ற வழியில் சுமையைத் தரையில் இறக்கியவர், கைகொடுத்துத் தூக்கிவிட யாரேனும் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அஞ்சி இறக்காமலே நடந்தால், கழுத்தும் முதுகும் நொந்துபோகும். தோள் உயரக் கல் இச்சிக்கலைத் தீர்த்தது. குனியாமல் சுமையை இறக்கலாம். எவர் துணையும் இன்றி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வேலையைக் கைவிடுவதற்காக அன்று. வேலையைத் தொடர்வதற்காகவே அக்கல் நடப்பட்டது.

இன்னொன்றையும் நாம் நோக்க வேண்டும். அக்கல்லை நட்டவர் அதில் சுமையை இறக்கியவர் அல்லர். யாரோ ஒருவர், தாம் அறியாத ஒருவரின் கழுத்துவலியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து அதனை நட்டுவைத்தார். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவர் குடும்பத்தார் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தன் வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்த ஒருத்தியின் பெயரால் ஊரார் சுமை இறங்கட்டும் என்று அவர்கள் எண்ணினர்.

சுமைதாங்கிக் கல் தனித்து நிற்கவில்லை. ஆடுமாடுகள் தினவு தீர உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல், கோடையில் தண்ணீர்ப் பந்தல், ஊர்ப்பொதுவில் சாவடி, வீட்டின்முன் திண்ணை என ஓய்வுக்கான இடங்கள் பொதுவழியெங்கும் அமைக்கப்பட்டிருந்தன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்ததோடு நில்லாமல் வழிப்போக்கர் தங்கச் சத்திரங்களையும் எழுப்பினார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் விளங்கும் சத்திரம் அதற்குச் சான்று. நடப்பவருக்குச் சாலை எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை தங்குமிடமும் என்பதை அக்கால அரசு உணர்ந்திருந்தது.

தெரியுமா?

‘இளைப்பாறுதல்’ என்பது இளைப்பு, ஆறுதல் என்னும் இரு சொற்களால் ஆனது. சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, சினம் ஆறுகிறது. வெம்மை தணிவதையும் காயம் குணமாவதையும் ‘ஆறுதல்’ என்னும் ஒரே சொல் குறிக்கிறது. களைப்பையும் ஆற வேண்டிய ஒன்றாகவே தமிழ் கருதுகிறது. ‘அயர்தல்’ என்னும் சொல்லுக்குத் தளர்தல் என்பதும் பொருள். விளையாடுதல், விழாக் கொண்டாடுதல் என்பனவும் பொருள்.

தூங்கா நகரத்தின் நள்ளிரவு

மதுரைக்குத் ‘தூங்கா நகரம்’ என்னும் பெயர் உண்டு. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடைபெற்ற நகரம் அது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டு நூல்களுள் மிக நீண்டது. 782 அடிகளை உடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட அந்நூல், மதுரையின் ஒரு நாளைப் பகலும் இரவுமாகத் தொடர்ந்து காட்டுகிறது.

அங்காடிகளின் பேரொலியைப் பாடிய அதே புலவர், அந்த ஒலி அடங்குவதையும் பாட மறக்கவில்லை. இரவு முதிரும்போது வணிகர் கடைகளை அடைக்கின்றனர். தின்பண்டம் விற்பவர்கள் தம் பண்டங்களின் அருகிலேயே உறங்கிவிடுகின்றனர். விழாவில் ஆடிய கூத்தரும் துயில்கின்றனர். நகரம் அமைதி அடைகிறது. விடியலில் அதே நகரம் புத்துணர்வோடு விழித்தெழுகிறது. ‘தூங்கா நகரம்’ எனப் பெயர் பெற்ற ஊரும் உறங்கியே விழித்தது என்பதை ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்நூல் நமக்கு உணர்த்துகிறது.

அந்த நள்ளிரவில் எல்லாரும் உறங்கவில்லை. ஊர்க்காவலர் விழித்திருந்து தெருக்களைச் சுற்றி வருகின்றனர். அவர்கள் விழித்திருப்பதால்தான் மற்றவர் அச்சமின்றி உறங்க முடிகிறது. இன்றைய மதுரையிலும் இதே நிலையைக் காணலாம். மருத்துவமனைச் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை இறக்குவோரும் துப்புரவுப் பணியாளரும் நாம் உறங்கும் வேளையில் விழித்திருக்கின்றனர். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பால் காக்கப்படுகிறது. ஆகவே, இரவில் விழித்தவருக்குப் பகலில் உறங்க வழிசெய்வது நகரத்தின் கடமையாகிறது.

மண்ணும் செடியும் இளைப்பாறும் காலம்

ஓய்வின் தேவையை உழவர் நூல்களில் கற்கவில்லை, மண்ணிலிருந்து கற்றனர். வைகைப் பாசனமும், 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப் பெரியாற்றின் நீரும் மதுரைச் சமவெளியை நெல் விளையும் பூமியாக வளர்த்தன. ஆயினும், அறுவடை முடிந்து கால்வாயில் நீர் நின்றபின், கோடையில் நிலம் வெறுமையாகக் கிடக்கும். வெளியூரார் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கும் நிலம். உழவரின் கண்ணுக்கு அது தேறிவரும் நிலம்.

அவ்வேளையில், ஆட்டு மந்தைகளை ஓட்டிவரும் கீதாரிகள் அந்நிலத்தில் கிடை போடுவர். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடக்க, அவற்றின் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். கோடைமழை ஈரத்தில் நிலத்தை உழுதுவிட்டால், மண்ணுக்குள் பதுங்கியிருந்த பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் வெயில்பட்டு அழியும். அடுத்து வரும் மழைநீர் ஆழமாக இறங்கும். விளைச்சல் இல்லாத அந்த மாதங்களில்தான் அடுத்த விளைச்சலுக்கான வலிமை மண்ணில் சேர்கிறது.

மதுரையின் மணமாகப் போற்றப்படும் மல்லிகையும் இவ்வுண்மையைச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிச் செடிக்கு, நவம்பர் இறுதியை ஒட்டி நீர் பாய்ச்சுவதை நிறுத்திக் கிளைகளைக் கவாத்து செய்வர். பூத்துக் குலுங்கிய செடி குட்டையாக வெட்டப்பட்டு, இலையுதிர்ந்து நிற்கும். அவ்வாறு நின்ற செடியே புதுத்தளிர் விட்டுக் கோடையில் கொத்துக்கொத்தாக மொட்டுவிடுகிறது. ஆண்டு முழுவதும் பூக்கும்படி வற்புறுத்தப்படும் செடி, நாளடைவில் மொட்டும் சிறுத்துப் பூவும் குறைந்துபோகும்.

செடிக்கு ஓய்வுக்காலம் உண்டு. பூப்பருவத்தில் பூப்பறிப்பவருக்கு அது இல்லை. மொட்டு விரிவதற்கு முன்பே பறித்தாக வேண்டும் என்பதால், விடியுமுன் அவர்கள் தோட்டத்தில் இறங்குகின்றனர். மல்லிகைக்கு ஞாயிறும் இல்லை; திங்களும் இல்லை. செடிக்கு ஓய்வு தரத் தெரிந்த நாம், அதைப் பறிக்கும் கைகளுக்கு ஓய்வு தர என்ன செய்கிறோம் என்னும் வினா இங்கே எழுகிறது.

விழாவும் ஓய்வே

மதுரை நகரின் தேரோடும் பெருவீதிகள் மாசி வீதிகள் எனப்படுகின்றன. ஆனால், மீனாட்சி அம்மன் திருக்கல்யாணமும் தேரோட்டமும் நடப்பதோ சித்திரையில். இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் காலத்திற்கு முன், திருக்கல்யாண விழா மாசியில் நடைபெற்றது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விழா தனியே சித்திரையில், தேனூரில் நடைபெற்றது. திருமலை நாயக்கர் இவ்விரண்டையும் இணைத்துச் சித்திரையில் ஒரே பெருவிழாவாக மதுரையில் நடைபெறச் செய்தார். வீதியின் பெயர் மட்டும் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டது.

மாற்றியதற்குரிய காரணமாக மதுரை மக்கள் கூறுவது சிந்தனைக்கு உரியது. மாசி, அறுவடை வேலை நெருக்கும் காலம். தேர்வடம் பிடிக்க வேண்டிய உழவர்கள் அப்போது களத்து மேட்டில் இருந்தனர். சித்திரையிலோ கதிர் அறுத்து முடிந்து, நெல் குதிருக்குள் போயிருக்கும். வயல் காய்ந்து கிடக்கும். மாட்டுக்கும் மனிதருக்கும் வேலை குறைந்திருக்கும். வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, ஆற்றங்கரையில் தங்கி, உறவினரைக் கண்டு, பண்டம் வாங்கித் திரும்ப அதுவே உகந்த காலம். விழாவுக்காக வேலையை நிறுத்துமாறு உழவருக்கு ஆணையிடாமல், உழவரின் ஓய்வைத் தேடி விழா இடம் பெயர்ந்தது. ‘அயர்தல்’ என்னும் சொல்லில் களைப்பும் கொண்டாட்டமும் ஒருங்கே இருப்பது ஏன் என்பதை, சித்திரையில் வைகைக் கரையில் நின்றால் உணரலாம்.

உழவருக்குத் துணையாக உழைக்கும் கால்நடைக்கும் ஒரு நாள் உண்டு. மாட்டுப் பொங்கலன்று ஏர் பூட்டுவதில்லை. குளிப்பாட்டி, கொம்பு தீட்டி, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டுவர். பேச இயலாத உயிரிடம் வேலை வாங்குபவர், அது கேளாமலே ஓய்வளிக்க வேண்டும் என்னும் அறம் அவ்வழக்கத்தில் அடங்கியுள்ளது.

சங்கொலியும் ஞாயிற்றுக்கிழமையும்

கதிரவனும் பருவமும் வகுத்த ஓய்வை ஆலைகள் கலைத்தன. நீராவிப் பொறி களைப்பதில்லை. விளக்கொளியில் இரவும் பகலாயிற்று. ஹார்வி நிறுவனத்தார் 1892ஆம் ஆண்டில் மதுரையில் நூற்பாலையைத் தொடங்கினர். ஊரக மக்கள் பலர் உழவை விட்டு ஆலைத் தொழிலாளராயினர். கோழி கூவ எழுந்தவர்கள் ஆலைச் சங்கொலி கேட்டு எழலாயினர். இயந்திரம் நிற்கும்வரை மனிதரும் நிற்க வேண்டியதாயிற்று. பருவம் தாராத ஓய்வை இனிச் சட்டம்தான் தர வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று.

அச்சட்டம் தானாக வரவில்லை. மும்பையில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டுகள் குரல்கொடுத்தார். அதன் பயனாக, 1890 ஜூன் 10 அன்று ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக ஏற்கப்பட்டது. தமிழகத்தில், மதுரை ஆலையை நடத்திய அதே ஹார்வி நிறுவனத்தின் பொறுப்பில் தூத்துக்குடியில் கோரல் நூற்பாலை இயங்கியது. 1908 பிப்ரவரி 27 அன்று அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கோரிக்கைகளுள் முதன்மையானவை. மார்ச் மாதத் தொடக்கத்தில் நிருவாகம் இறங்கி வந்தது, ஊதியம் உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. நாட்டு விடுதலைக்குப் போராடிய வ.உ.சி., ஒரு தொழிலாளி வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருப்பதையும் விடுதலையின் பகுதியாகவே கண்டார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள், நண்பகல் உணவு இடைவேளை மிகக் குறுகியது என்பதும் ஒன்று. கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, நான்கு கவளம் உண்பதற்குள் சங்கு ஊதிவிட்டால் அந்த உணவு உடலில் ஒட்டுவது எங்ஙனம்? பெரும் போராட்டங்களின் தொடக்கத்தில் இத்தகைய சிறிய, உயிரான கோரிக்கைகள் இருந்தன. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919ஆம் ஆண்டில் இயற்றிய முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வாரத்திற்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். அரைமணி நேர இடைவேளை இன்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை கூடாது என அது வகுத்தது. அதே 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைகள் அறிக்கை, தன் 24ஆம் உறுப்பில் ஓய்வை மனித உரிமை என அறிவித்தது. வழியில் நட்ட கல் இவ்வாறு சட்டத்திலும் நடப்பட்டது.

நிற்பவருக்கு ஓர் இருக்கை

சட்டம் ஆலைக்குள் புகுந்தது. கடைகளுக்குள்? மதுரை விளக்குத்தூண் பகுதியில் விழாக்காலத்தில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். நாம் இருக்கையில் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் துணிகளைக் காட்டச் சொல்கிறோம். எதிரே நிற்கும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். வாங்குவோர் இல்லாத நேரத்திலும் அவர் அமர்வதை முறையற்றதாகக் கருதும் வழக்கம் பல கடைகளில் இருந்தது. நெடுநேரம் நிற்பதால் கால் வீக்கம், கால் நரம்புப் புடைப்பு, முதுகுவலி முதலியன வருகின்றன. வீடு திரும்பியபின் அவர் உடலின் களைப்பை ஒரே இரவின் உறக்கம் ஆற்றுவதில்லை.

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் இதற்காகக் குரலெழுப்பியதைத் தொடர்ந்து, 2018ஆம் ஆண்டில் அம்மாநிலம் கடைப் பணியாளரின் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழக அரசும், 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. வேலைக்கிடையே அமர வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர் அமரும் வண்ணம், கடைகளில் இருக்கை வசதி இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பொருளால் பார்த்தால் அது ஒரு முக்காலிதான். உயரத்தில் மட்டும் வேறுபட்ட சுமைதாங்கிக் கல் என்றும் அதனைக் கூறலாம்.

சோம்பல் வேறு, ஓய்வு வேறு

‘மடியின்மை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தது திருக்குறள். சோம்பலைக் கடிந்த இம்மரபில் ஓய்வுக்கு இடமுண்டா என்னும் ஐயம் எழலாம். சோம்பல், சுமையைத் தூக்க மறுப்பது. ஓய்வு, தூக்கியதைத் தொடர்ந்து சுமப்பதற்காகச் சற்றே இறக்கிவைப்பது. சுமை இல்லாதவருக்குச் சுமைதாங்கிக் கல் வெறும் கல்லே.

அளவின்றி உழைப்பதால் உழைப்பு பெருகுவதும் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021ஆம் ஆண்டில் ஆய்வொன்றை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என அது கண்டறிந்தது.

உங்கள் உழைப்பாகிய கல்விக்கும் இது பொருந்தும். 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் இருவர், பொருளற்ற அசைகளை மாணவர் இருவரை மனப்பாடம் செய்யச் செய்தனர். கற்றபின் விழித்திருந்தபோது நினைவில் நின்றதைவிட, கற்றபின் உறங்கியபோது நினைவில் நின்றவை மிகுதி. பிற்கால ஆய்வுகளும், கற்றது நினைவில் ஊன்ற உறக்கம் துணைபுரிகிறது என்பதையே உறுதிப்படுத்துகின்றன. 13 முதல் 18 வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என மருத்துவ வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். தேர்வுக்கு முந்தைய இரவை உறங்காமல் கழிப்பவர், கற்றதைச் சேமிக்கும் வேளையை இழக்கிறார்.

வீட்டுக்குள் ஒரு கல்

சட்டம் நுழையாத ஓரிடம் உண்டு, அது வீடு. 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கும் பள்ளிக்கும் விடுமுறை, அடுப்புக்கு இல்லை. மற்ற நாள்களைவிட அன்று வீட்டில் வேலை கூடுதலாக இருப்பதும் உண்டு. வ.உ.சி. காலத்துத் தொழிலாளர் போராடிப் பெற்ற ஞாயிறு, பல வீடுகளில் இன்னும் பாதிப்பேரிடம் சென்று சேரவில்லை.

இந்தக் கல்லை நட அரசாணை தேவையில்லை. பாத்திரம் துலக்குவதையும் துணி துவைப்பதையும் தண்ணீர் பிடிப்பதையும் வீட்டிலுள்ள ஆண், பெண் அனைவரும் பகிர்ந்துகொண்டால், அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஒரு மாலைப்பொழுது கிடைக்கும். அவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். ‘எனக்கென்ன களைப்பு’ என்றே சொல்வார்கள். வழியில் கல் நட்டவர்களிடமும் எவரும் வந்து கேட்கவில்லை.

உறுதியான சாலையும் ஊர்தியும் வந்தபின், தலைச்சுமை குறைந்தது. சுமைதாங்கிக் கற்கள் பல சாய்ந்தும் புதைந்தும் போயின. சாலை விரிவாக்கத்தில் சில பெயர்த்தெடுக்கப்பட்டன. உங்கள் ஊரில் அத்தகைய கல் ஒன்று எஞ்சியிருக்கக்கூடும். அடுத்த முறை அதைக் கடக்கும்போது அருகில் சென்று, அதன் உயரத்தை உங்கள் தோளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் குறுக்குக் கல், பலர் இறக்கிவைத்த சுமைகளால் வழவழப்பாகத் தேய்ந்திருக்கலாம்.

சொல்லும் பொருளும்

நாளங்காடி – பகல் கடைத்தெரு
அல்லங்காடி – இரவுக் கடைத்தெரு
ஆவுரிஞ்சு கல் – கால்நடைகள் உரசிக்கொள்ள நடப்படும் கல்
கீதாரி – ஆட்டு மந்தையை நடத்திச் செல்லும் தலைவர்
கிடை – வயலில் இரவில் ஆடுகளை அடைத்துவைத்தல்
கவாத்து – கிளைகளை அளவாக வெட்டுதல்
குதிர் – தானியம் சேமிக்கும் பெரிய கலம்
மடி – சோம்பல்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள சுமைதாங்கிக் கல், சாவடி, சத்திரம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டறிந்து, அதனைப் பற்றி முதியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் செய்யும் வேலைகளையும் அவற்றுக்கு ஆகும் நேரத்தையும் அட்டவணைப்படுத்துக. யாருக்கு ஓய்வு குறைவு என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
3. இரவில் பணிபுரியும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய உறக்கம், உணவு, விடுமுறை குறித்து நேர்காணல் செய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மதுரைக்காஞ்சியின் பாட்டுடைத் தலைவன்
அ) கரிகாலன் ஆ) நெடுஞ்செழியன் இ) செங்குட்டுவன் ஈ) அதியமான்

2. கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நடைபெற்ற ஆண்டு
அ) 1890 ஆ) 1892 இ) 1908 ஈ) 1918

குறுவினா

1. சுமைதாங்கிக் கல் தோள் உயரத்தில் அமைக்கப்பட்டது ஏன்?
2. ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல்லின் பொருள்நயத்தை விளக்குக.
3. சித்திரையில் திருவிழா நடைபெறும் வீதிகள் மாசி வீதிகள் எனப் பெயர்பெற்ற காரணம் யாது?

சிறுவினா

1. மண்ணுக்கும் மல்லிகைக்கும் ஓய்வு பயன்தரும் முறையை எழுதுக.
2. ‘ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பால் காக்கப்படுகிறது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. வழியோரக் கல் முதல் கடை இருக்கை வரை, ஓய்வு உரிமையாக வளர்ந்த வரலாற்றைப் பாடவழித் தொகுத்து எழுதுக.
2. சோம்பலுக்கும் ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து சான்று காட்டி நிறுவுக.